எங்கள் ஊர் ‘ஆவட்டும்’

எங்கள் குடியிருப்பில் யாரும் யாரையும் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லமாட்டார்கள். கேட்டவரின் முகம் வாடிவிடுமாம். அதற்குப் பதிலாக ஒரு சொல் வைத்திருக்கிறோம்: ஆவட்டும். வெளியே இருப்பவர்களுக்கு அது சம்மதம். எங்களுக்கு நேர் எதிர். அதுவாக ஆனால் ஆகட்டும், நாங்களாக ஆக்கமாட்டோம் என்று பொருள். சம்மதம் என்றால் ‘ஆச்சு’ என்போம். இன்னும் தொடங்காத வேலையாக இருந்தாலும் ஆச்சுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது. என் கணவர் விழுப்புரம் பக்கத்து இருளர், செங்கல் சூளைக் குடும்பம். எங்கள் ஆட்கள்தான், ஆனால் பேச்சு வேறு. அவர்கள் பெண் கேட்டு வந்தபோது அப்பா மிகவும் மரியாதையாக “ஆவட்டும்” என்றார். அவர்களும் சந்தோஷமாகப் போய், அடுத்த வாரமே வெற்றிலை, பழம், புடவை என்று தட்டு வரிசையோடு வந்து இறங்கிவிட்டார்கள். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? அன்றைக்கே ஊர் கூடிப் பேசி ஆச்சு சொல்லிவிட்டது. “உங்கப்பா வேணாம்னு சொன்ன மாப்ள நானு” என்று இவர் இன்றைக்கும் சமயம் வாய்த்தால் குத்திக் காட்டுவார். அந்தக் கூட்டத்தில் முதல் ஆச்சு சொன்னது நான்தான் என்பதை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. தலைகால் புரியாமல் ஆடுவார்.

எங்கள் குடியிருப்பு பிச்சாவரத்துக்குப் பக்கம். சுற்றுலா வருகிறவர்கள் படகு ஏறும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் சதுப்புக் காட்டின் ஓரத்தில் வரும். நான் இப்போது கடலூரில் இருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நான் இருளர் என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் கண்ணை விரித்துக்கொண்டு, “பாம்பு புடிப்பீங்களா?” என்று கேட்பார். “எனக்குப் பல்லிய பாத்தாலே பயம்ங்க, கைய நீட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுப்பேன். கொஞ்சம் அழுத்தித்தான் குத்துவேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். அது பொய்.

எங்கள் பக்கத்தில் பாம்பு இல்லை, இறால்தான். கழியில், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்போடையில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவிப் பிடிப்போம். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பனையோலைக் கூடை, அதற்குப் பறி என்று பெயர். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னால் மிதக்கவிட்டு இழுத்துப் போவோம். பாதி நாள் வாயில் கயிறு இருப்பதால்தான் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு குறைவு என்று என் கணவர் கேலி செய்வார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தக் கேலியை நிறுத்திவிட்டார்.

கழியிலிருந்து கரை ஏறும் இடத்தில் ஒரு தில்லை மரம் நிற்கிறது. அதன் அடியில் ஏழு மண் குவியல்கள். அதுதான் எங்கள் சாமி, கன்னியம்மா. கூரை இல்லை, சுவர் இல்லை, சிலை இல்லை. மழையில் கரைந்தால் மறுபடி சேற்றை அள்ளிக் குவிப்போம். அவளிடம் போவதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஈரத்தோடு போக வேண்டும். குளித்த ஈரம் இல்லை, கழித் தண்ணீரின் ஈரம். முழங்கால் வரை சேறும், மேலெல்லாம் இறால் வாடையுமாக அப்படியே நேராகப் போய் நிற்க வேண்டும். வேலை செய்து வந்த உடம்போடு வந்தால்தான் அவளுக்கு நம்மை அடையாளம் தெரியும் என்று அம்மா சொல்வாள்.

ஊர்ப் பேச்சும் அங்கேதான். எங்களுக்குத் தலைவர் என்று ஒருவர் கிடையாது. எல்லாரும் கழியில் ஒரு முங்கு போட்டுவிட்டு வந்து வட்டமாக உட்காருவார்கள். ஆணும் பெண்ணும் ஒருவர் விடாமல் பேச வேண்டும். எல்லாரும் ஆச்சு சொன்னால்தான் அது ஆச்சு. ஒரே ஒருவர் ஆவட்டும் என்றாலும் அந்த விஷயம் அப்படியே படுத்துவிடும். கைப்பம்பை எங்கே போடுவது என்பதற்கு என் சித்தப்பா ஒருவர் மட்டும் ஆவட்டும் ஆவட்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே கழியில் தள்ளியிருப்பேன். ஆனால் அவர் சொன்ன இடத்தில்தான் கடைசியில் உப்பில்லாத தண்ணீர் வந்தது என்று வையுங்கள்.

என் தம்பி எங்கள் வார்டின் பஞ்சாயத்து மெம்பர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஓடுகிற வேலை அது. அவனுக்கும் கூட்டத்தில் ஒரு ஆச்சுதான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் இது புரிவதில்லை. “இங்க தலைவர் யாரு?” என்பார்கள். யாராவது தம்பியைக் காட்டிவிடுவார்கள். அவன் தலையாட்டினால் ஊரே தலையாட்டியது என்று எண்ணிப் போவார்கள்.

இன்ஜினியர் சாரும் அப்படித்தான் எண்ணினார்.

அவர் சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதி ஒன்றில் இருப்பவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளத்தின்போது சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார். எல்லாரும் அப்படி வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் தண்ணீர் வடிந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பு நின்றுபோகாதபடி அலுவலகம் அலுவலகமாக எங்களோடு அலைந்தவர் அவர்தான். “இவுங்க இருளர் இல்லன்னா நான் இன்ஜினியர் இல்ல” என்று ஓர் அதிகாரியிடம் அவர் கத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவரை எனக்குப் பிடிக்கும். கஷ்டமே அதில்தான் இருந்தது.

ஒருநாள் அவர் தில்லை மரத்தடிக்கு வந்திருக்கிறார். மரத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர், ஆனால் ஊருக்குள் தேடினாலும் தில்லை மரம் கிடைக்காது, எங்கள் காட்டில்தான் இருக்கிறது. “தில்லையடியில அம்மன் வெயில்லயும் மழையிலயும் கெடக்குறாளே. ஒரு கோயில் கட்டிடலாமா மெம்பர்?” என்று தம்பியைக் கேட்டிருக்கிறார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு, “ஆவட்டுங்க சார்” என்றிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்று தம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போனான். வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள் என்று சார் நிம்மதியாகச் சிதம்பரம் போனார்.

கொஞ்ச நாளில் தம்பி போன் செய்தான். நான் வேலையில் இருந்தேன்.

“க்கா, கல்லு எறங்கிடுச்சி.”

“என்னா கல்லு?”

“செங்கல்லுக்கா. ரெண்டு டிராக்டர். மணலும் வந்துக்கிட்டு இருக்குது. பேனர் வேற கட்டிட்டாங்க. நீ வந்துட்டுப் போயேன், அம்மா சோறே துன்னல.”

சிதம்பரம் போய் அங்கிருந்து பிச்சாவரம் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கணவரும் கூட வந்தார். செங்கல்லைத் தட்டிப் பார்த்து, “நல்லா வெந்த கல்லு மச்சான்” என்று தம்பியிடம் சொன்னார். சூளையில் பிறந்தவர், வேறு எதைப் பார்ப்பார்? நான் பேனரைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ‘அருள்மிகு கன்னிகா பரமேஸ்வரி ஆலயத் திருப்பணி’ என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கன்னிகா பரமேஸ்வரி பெரிய தெய்வம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வேறு வீட்டுக்காரி. கன்னியம்மா என்று அச்சுக் கடையில் சொல்லியிருப்பார்கள், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரைப் போட்டு அழகுபடுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயரையும் ஒரு டீச்சர் அப்படித்தான் அழகுபடுத்தினார். இன்றைக்கும் ரேஷன் கார்டில் ஒரு பெயர், அம்மா கூப்பிட இன்னொரு பெயர்.

அம்மா குடிசைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா போன பிறகு அவளுக்கு ஒரு பழக்கம். கழியிலிருந்து ஏறியதும் பறியைக்கூட இறக்காமல் தில்லை மரத்தடிக்குப் போய், சொட்டச் சொட்ட நின்று அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். எங்கே இறால் கிடைத்தது, யார் யாரோடு சண்டை, முட்டி எப்படி வலித்தது, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், எல்லாம். முன்பு அப்பாவிடம் சொன்ன கதைகள்தான். இப்போது கேட்பதற்குக் கன்னியம்மா மட்டும்தான் இருக்கிறாள்.

“டைல்ஸு போடப் போறாங்களாம்” என்றாள். “இரும்பு கேட்டு போட்டுப் பூட்டுவாங்களாம். சாவி ஐயருகிட்ட இருக்குமாம். இந்தச் சேத்தோட என்ன உள்ள வுடுவாங்களா? கதவ சாத்திட்டா நான் எங்க போயி சொல்றது?”

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதி.

கோபத்தைக் காட்டவும் ஆள் வேண்டுமே. அன்று பேசிப் பார்த்தால் எங்களிலேயே சில வீடுகள் கோயில் வேண்டும் என்றன. என் சித்தப்பா மகன் நேராகவே கேட்டான். “பெரிய ஊரு கோயில்ல நம்மள வெளிய நிக்க வெக்கிறான். நமக்கும் ஒரு கோபுரம் இருந்தா மதிப்பான் இல்ல? எத்தினி நாளைக்கி மண்ணக் குவிச்சிக்கிட்டு இருக்குறது?”   வெளியே நின்ற வெயில் எனக்கும் தெரியும். கோயில் கட்டிவிட்டால் அந்த வெயில் போய்விடும் என்று அவன் நம்பினான். கட்டினால் நம் அம்மாவே நம் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பேரும் ஒரே வெயிலுக்குத்தான் பயந்தோம்.

மறுநாள் காலை பூமி பூஜை. சாரிடம் யார் சொல்வது? நான்தான் என்று முடிவாகிவிட்டது. “நீதான் பட்டுன்னு பேசுவ” என்றான் தம்பி. அவர் மனம் நொந்து போய் இனி வராமலே இருந்துவிட்டால்? இன்னும் எத்தனையோ பிள்ளைகள் சான்றிதழுக்குக் காத்திருந்தார்கள். கன்னியம்மாவைக் காப்பாற்றப் போய் பிள்ளைகளை மாட்டிவிட்டுவிடுவோமோ என்று பயந்தேன்.

சார் காரில் வந்தார். கூடவே தேங்காய், பூமாலை, எலுமிச்சம்பழம். ஐயர் பின்னால் பைக்கில் வருகிறார் என்றார். முகமெல்லாம் சந்தோஷம். பேத்தியின் காதுகுத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நான் எதிரே போய் நின்றேன். ‘வேணாம் சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அத்தனை பேரிடம் சுள்ளென்று விழுகிற எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. வளர்த்த வளர்ப்பு அப்படி.

“சார், ஒரு விஷயம். எங்க ஆளுங்க ஆவட்டும்னு சொன்னா என்னா அர்த்தம் தெரியுமா?”

“என்னம்மா அர்த்தம்? சரின்னு அர்த்தம்.”

“இல்ல சார். வேணாம்னு அர்த்தம்.”

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். சாரின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

“அப்ப... பால்வாடி செவுத்துக்கு மஞ்ச பெயின்ட் அடிக்கலாமான்னு கேட்டேனே?”

“அதுவும் வேணாம்னுதான் சார் சொன்னாங்க.”

“அடிச்சிட்டேனே!”

“ஆமா சார்.”

“கண் டாக்டர கூட்டியாந்தனே?”

“அதுக்கு ஆச்சுன்னாங்க சார். அது எல்லாருக்கும் புடிச்சிது.”

“தையல் மிஷினு?”

 பிரிக்காத பெட்டியோடு அந்த மிஷின் மேல்தான் தம்பி வீட்டு டிவி இருக்கிறது.

சார் செங்கல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாலை கையிலேயே இருந்தது. “இத்தினி வருஷமா என்கிட்ட யாருமே வேணாம்னு சொன்னதில்லன்னு வீட்டுல பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார். கோபம் இல்லை, வெட்கப்பட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது அம்மா குடிசையிலிருந்து வெளியே வந்தாள்.

“சாரும் ஒக்காரட்டும். நமக்காவ அலைஞ்ச மனுசன். அவரும் பேசட்டும்.”

வெளியாள் ஒருவர் எங்கள் வட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் யாரும் ஆவட்டும் என்று சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். உட்கார்ந்தால் ஈரத்தோடு உட்கார வேண்டும். சார் தன் பட்டுக்கரை வேட்டியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுக் கழிக்குள் இறங்கினார். என் கணவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஏறி வரும்போது சேறு வழுக்கி முட்டி போட்டு விழுந்தார். “ஐயோ, தெனமும் இப்பிடியா ஏறி வர்றீங்க?” என்றார். அதற்குள் ஐயரின் பைக் வந்துவிட்டது. சேற்றில் குளித்து நிற்கிற சாரைப் பார்த்துவிட்டு அவர், “இன்னைக்கு நாள் சரியில்லையோ?” என்று கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

வட்டமாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகப் பேசினார்கள். சித்தப்பா மகன் கோபுரத்தைச் சொன்னான். அம்மா கதவைச் சொன்னாள். “அவளுக்குக் கூரை வேணும்னா அவளே கேப்பா. இத்தினி மழைக்கும் கேக்கல” என்றாள். நான் பேனரில் இருந்த பெயரைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, என் கணவர் முழங்கையால் இடித்தார். சார் தன் முறை வந்தபோது, “வெயில்ல கெடக்குறாளேன்னு பாத்தேன். அவ வெயில்ல இருக்கணும்னு இருக்கான்னு தெரியல” என்றார். 

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கிய கல்லை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். சித்தப்பா மகன் எழாமல், யாரையும் பார்க்காமல் சொன்னான். “படி கட்டலாம். கழியிலேருந்து அவகிட்ட வர்ற வரைக்கும். பெரியம்மா முட்டி வலியோட சேத்துல ஏறுது. சாரே வுழுந்துட்டாரு.” கோபுரம் கேட்டவன் அவன். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

சார் சட்டென்று நிமிர்ந்தார். “உப்புத் தண்ணியில செங்கல் நிக்காது. கருங்கல்லுதான் போடணும். செங்கல்ல நான் மாத்தித் தரேன்” என்றார். அந்த நிமிடத்தில்தான் அவர் மறுபடி இன்ஜினியர் ஆனார்.

வட்டம் மறுபடி தொடங்கியது. ஆச்சு. ஆச்சு. ஆச்சு. சித்தப்பாகூட இழுக்காமல் ஆச்சு என்றார். அம்மா இரண்டு முறை சொன்னாள். கடைசியாக சார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் மனம் நிறைந்து, இரண்டு கையையும் கூப்பி, கண் கலங்கச் சொன்னார்:

“ஆவட்டும்!”

 தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.  அம்மாதான் மெதுவாகக் கேட்டாள்:

“எந்த ஆவட்டும் சார்? உங்களுதா, எங்களுதா?”

சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆச்சும்மா! ஆச்சு, ஆச்சு, ஆச்சு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்பா போன பிறகு அம்மா பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் போன் வந்ததிலிருந்து அழுத்தியதெல்லாம் இறங்கி, அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

படி கட்டியாயிற்று. பேனர் தம்பி வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக இருக்கிறது, எழுத்து உள்பக்கம் பார்த்தபடி. கோயிலுக்கு வெளியே நிற்கிற கதை அப்படியேதான் இருக்கிறது, அது தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அதைப் பற்றியும் இப்போது வட்டத்தில் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

போன மாதம் நான் ஊரில் இருந்தபோது, படியில் ஒரு கல் ஆடுகிறது என்று சார் பார்க்க வந்திருந்தார். அதே நேரம் பளபளவென்று சட்டை போட்ட ஒருவர் வந்தார். படகுச் சவாரிக்கு வருகிறவர்களை இங்கே அழைத்து வருவாராம். நாங்கள் இலை தழை கட்டிக்கொண்டு இந்த மரத்தடியில் ஆடிக் காட்ட வேண்டுமாம். நாங்கள் இலை தழை கட்டி யார் பார்த்தது? எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி கையைக் கட்டிக்கொண்டு, “ஆவட்டுங்க” என்றான். வந்தவர் மகிழ்ந்துபோய், எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று போனை எடுத்தார்.

சார் படியிலிருந்து தலையைத் தூக்கினார். முழங்கால் வரை சேறு.

“கெளம்புங்க தம்பி. உங்களுக்குப் பதில் சொல்லிட்டாங்க” என்று வந்தவரிடம் சொன்னார்.

சாருக்குப் பின்னால் அம்மா கழியிலிருந்து படி ஏறி வந்துகொண்டிருந்தாள். பறியை இறக்காமல், சொட்டச் சொட்ட, எங்கள் யாரையும் கண்டுகொள்ளாமல் நேரே மரத்தடிக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது.